பின்னால் வருபவரையும் நினைத்துப் பூட்டுவோம்



எங்கள் பழைய ஜீப்புக்குப் பின்னால் இரும்பு பம்பரும் மேலதிகச் சில்லைத் தாங்கும் திறப்புக் கையும் பூட்டியதைக் கண்டு அளவெட்டியில் கனபேர் விசாரிக்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறோம்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதுவரை இருந்ததைத் திருத்தித்தானே எல்லாரும் ஓடினோம். வன்னி வயலுக்குப் போய்வருகிற ஜீப்புகளுக்குப் பெரிய ரயர் போட்டவர்களும் உண்டு. ரயர் பெருத்தால் பாரம் பின்கதவுக்குத்தான்.

வகுப்பில் படிப்பிக்கிற நெம்புகோல் கணக்குத்தான் இது. சில்லு 30 கிலோ, அதன் நடு பிணைச்சலிலிருந்து 70 சென்ரிமீற்றர், இரண்டு பிணைச்சலுக்கும் இடைவெளி 40 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். கதவைத் திறந்தால் மேல் பிணைச்சலை 52 கிலோவுக்கு மேல் இழுக்கும். கதவின் சொந்தப் பாரம் வேறு. மூடி ஓடும்போது பூட்டும் கொஞ்சம் தாங்கும்; ஆனாலும் பள்ளங்களில் குலுங்கிக் குலுங்கி நாளடைவில் தகடு வெடிக்கும், கதவு இறங்கும். பம்பரில் தனிக் கை வைத்தால் அந்தப் பாரம் சேஸிக்குப் போய்விடும்.

வெல்டிங் கடையில் கவனிக்க வேண்டியவை:

1. பம்பரைச் சேஸியோடு ஒட்டவேண்டாம். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டால் பூட்டுங்கள். ஒரு கிழமை ஓடியபின் திரும்ப இறுக்குங்கள்.

2. வாகனத்தில் வைத்து வெல்டிங் செய்வதென்றால் முதலில் பற்றரி வயரைக் கழற்றுங்கள்.

3. பெட்டி இரும்பின் உள்ளுக்கும் பெயின்ற் போகவேண்டும், அடியில் தண்ணீர் வடியத் துளை வேண்டும். எங்கள் உப்புக்காற்றில் கறள் உள்ளிருந்தே தின்னும்.

4. கதவு திறக்கும் பக்கமே கையும் திறக்கவேண்டும். திறந்தபின் அசையாமல் நிற்க ஓர் ஊசி கட்டாயம். இல்லாவிட்டால் சரிவான இடத்தில் 30 கிலோச் சில்லு தானாக வீசிவந்து ஆளை அடிக்கும்.

5. பம்பர் மூலைகளை உருட்டி எடுங்கள். கூரான மூலை சைக்கிள்காரரின் காலைக் கிழிக்கும்.

6. பின்பக்கம் பாரத்தில் பதிந்தால் முன் லைற் மேலே தூக்கி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். அதையும் சரிபாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம், பின் லைற்றுகளும் நம்பர் பிளேற்றும் மறையக்கூடாது. மறைந்தால் இடம் மாற்றிப் பூட்டுங்கள். ரியூசன் முடிந்து இருட்டில் சைக்கிளில் வருகிற எங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் போகும் ஜீப் பிரேக் பிடிப்பதைச் சொல்வது அந்தச் சிவப்பு வெளிச்சம்தான். சில்லு அதை மறைத்தால் பிள்ளை இரும்பில்தான் வந்து மோதும்.

சட்டமும் இருக்கிறது. 2025 ஜனவரியில் பொலிசார் வாகனங்களின் அனுமதியில்லாத மேலதிகப் பாகங்களைக் கழற்றுவித்தது நினைவிருக்கும். காசைச் செலவழிக்கமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒருக்கால் விசாரியுங்கள்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு பகுதி என்று எங்கள் மார்க்கம் படிப்பித்திருக்கிறது. அப்படியிருக்க, எங்கள் வாகனமே இன்னொருவருக்குத் தொல்லையாகலாமா?

பூட்ட இருப்பவர்கள் வாருங்கள், எங்கள் ஜீப்பைப் பார்த்து அளவெடுத்துக்கொண்டு போகலாம், இன்ஷா அல்லாஹ்.