எங்கள் ஊரின் ஆழம்

பங்காருபேட்டையில் ரயில் மாறி மாரிகுப்பம் நோக்கி வரும்போது, ஊர் வந்துவிட்டதை முதலில் சொல்பவை சயனைடு மேடுகள்தான். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்து, தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய தூளைக் கொட்டிக் கொட்டி எழுந்த குன்றுகள் அவை. மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்கும் என்பார்கள். எங்களுக்கு அவைதான் சறுக்கி விளையாடும் இடம். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் வீட்டுக்குள் புகுந்து சோற்றுப் பானை மூடியில் படியும். அம்மா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார்.

எங்கள் ஊரான கோலார் தங்கவயலுக்கு என் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்தார். அப்படித்தான் அங்கே பெரும்பாலான குடும்பங்கள் வந்தன. நிலமில்லாத, சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட தமிழர்கள், ஜான் டெய்லர் கம்பெனி தோண்டிய சுரங்கங்களில் இறங்கினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் எங்கள் ஊருக்கு வந்தது. பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான். ஆனால் அது முதலில் வந்தது இயந்திரங்களுக்காக. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பல காலம் மண்ணெண்ணெய் விளக்குதான்.

சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும். கேஜ் என்ற கூண்டில் ஏறி அப்பா கீழே போவார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. அடியில் பாறையின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும். மேலிருந்து அழுத்தும் பாரம் தாங்காமல் பாறை திடீரென வெடிக்கும். அந்த அதிர்ச்சி எங்கள் வீட்டுப் பாத்திரங்களையும் ஆட்டும். அப்போது லைனில் உள்ள பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து நிற்பார்கள். யார் வீட்டு ஆள் எந்த ஷிப்டில் என்று ஒருவருக்கொருவர் கேட்கவே மாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும்.

அதே சுரங்கத்தின் ஆழத்தில்தான் 1965இல் விஞ்ஞானிகள், அண்டத்திலிருந்து வரும் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதிப் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடத்தைக் கண்டார்கள். உலகுக்கு அது பெருமை. எங்கள் அப்பாக்களுக்கு அந்த ஆழம் தந்தது சிலிக்கோசிஸ். பாறைத் தூசி நுரையீரலில் தங்கி, வேலை விட்டபின்னும் மூச்சைக் குறைத்துக்கொண்டே போகும் நோய். அஸ்பெஸ்டாஸ் இழை செய்யும் கேடும் இதன் உறவுதான். அதுவும் காற்றில் மிதந்துவந்து நுரையீரலில் குடியேறி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாகவும் எழும்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பம்புகள் நின்றன, தண்ணீர் ஏறத் தொடங்கியது. விடியும் முன்பே மாரிகுப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்புவது எங்கள் தலைமுறையின் வாழ்க்கையானது.

2012 நவம்பரில், கூடங்குளம் அணுவுலையின் கழிவைக் கோலார் தங்கவயலில் கைவிடப்பட்ட சுரங்கத்தில் வைக்கலாம் என்ற பேச்சு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. ஊரே தெருவுக்கு வந்தது. சில நாட்களிலேயே அப்படித் திட்டம் எதுவும் இல்லை என்று அரசு மறுத்தது. ஆனால் பாழடைந்த சுரங்க ஷாஃப்டைப் பார்த்ததும் கழிவைப் போடும் இடம் என்று தோன்றும் அந்த எண்ணம் மறையவில்லை. அணுக்கழிவு இல்லாமல் அஸ்பெஸ்டாஸ் கழிவாக இருந்தால் என்ன, அது நீரில் கரையாது, மண்ணுக்குள் போனால் காற்றில் பறக்காது என்று நியாயம் சொல்லலாம். நனைத்து, தடித்த பையில் இரட்டையாகக் கட்டி, மூடிய குழியில் புதைப்பது சரியான முறைதான். அதற்கு ஈரம் ஏறாத, ஆட்டம் காணாத, பிறகு யாரும் கிளறாத இடம் வேண்டும்.

எங்கள் சுரங்கம் அப்படிப்பட்டதல்ல. உள்ளே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வழிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. மூடிய பிறகும் நிலம் அதிர்கிறது. ஒரு ஷாஃப்டில் கொட்டியது அங்கேயே இருக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. சுற்றிலும் கிணற்றை நம்பி வாழும் ஊர்கள் இருக்கின்றன.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய காரணம் வேறு. அந்த ஷாஃப்ட்களில் இறங்கித் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். திரும்பி வந்தவர்களும் மூச்சை அங்கே விட்டுத்தான் வந்தார்கள். தங்கத்தை எடுத்துக்கொண்ட நாடு, எஞ்சிய சயனைடு மேட்டை ஏற்கெனவே எங்கள் பிள்ளைகளின் தலைமாட்டில் விட்டுவிட்டது. முதலில் அந்த மேடுகளின் தூசியை அடக்கட்டும். சிலிக்கோசிஸ் வந்த கிழவர்களுக்கு மருத்துவம் பார்க்கட்டும். இன்னொரு ஊரின் நஞ்சை எங்கே வைப்பது என்ற கேள்வியோடு எங்கள் ஊர்ப் பக்கம் வரும் உரிமை யாருக்கும் இல்லை.