தீயரணும் துருசும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, மன்னார் வீதியிலுள்ள பூவரசங்குளத்தில் நாம் செய்த சிறு தொண்டினைப் பற்றியே எழுதத் துணிந்தோம். அவ்வூர் வாசிகசாலையொன்றின் கணினிகளுக்கு முன்னே, பழைய கணினியொன்றில் லினக்ஸை ஏற்றிக் காவலாக நிறுத்தினோம். தீயரண் என்பது இதுவே.

லினக்ஸினுள் இக்காவலைச் செய்வது நெட்பில்டர் என்னும் பகுதி. ரஸ்டி ரஸல் என்பார் 1998இல் தொடங்கிய முயற்சி அது. 2001இல் வெளிவந்த 2.4ஆம் பதிப்போடு ஐபிடேபிள்ஸ் என்னும் கருவி வழக்கிற்கு வந்தது. அதன் விதிகளைக் கையால் ஒவ்வொன்றாய்த் தட்டலாம்; ஆயின் கணினி அணைந்து எழுந்தால் அவை மறைந்துபோம். மின்சாரம் போய்வரும் ஊரில் இது சிறு காரியமன்று. ஆதலால், தொடக்கத்திலே தானாக ஓடும்படி அவற்றை ஷெல் நிரலாக எழுதிவைத்தோம்.

அருகிருந்து பார்த்த கமக்காரப் பெரியவர் ஒருவர், "தம்பி, எல்லாத்தையும் அடைச்சுப்போட்டு வேண்டியதைத் திறக்கிறியளோ, திறந்துவிட்டு வேண்டாததை அடைக்கிறியளோ?" என்று வினவினார். துருசு திறந்து பழகியவர் அல்லவா! இத்துறையின் தலையாய வினா அதுவே. அடைத்துவிட்டுத் திறப்பதே முறை என்றோம். விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். அனுமதி, மறுப்பு என்னும் தீர்ப்பு எவ்விதியில் முதலிற் கிட்டுகிறதோ அங்கே விசாரணை முடியும். அனைத்தையும் மறுக்கும் விதி தலையில் நின்றால், கீழுள்ள அனுமதிகள் ஏட்டுச் சுரைக்காயே. உள்ளிருந்து நாம் கேட்டவற்றுக்கு வரும் மறுமொழிகளை விடும் விதியை முன்னே வைத்தல் நன்று.

பின்னொருகால் கொழும்பிலிருந்தபடியே விதிகளைத் திருத்த நேர்ந்தது. உயர்தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட முறையில் தோற்றுவோர், அங்கிருந்து இணையவழி விண்ணப்பிக்கும் இறுதிக் கிழமை அது. நிரல் வரிவரியாக ஓடுவது. பழைய விதிகளை அழித்து, அனைத்தையும் அடைத்தபின் இடையில் நின்றுவிட்டால், பிள்ளைகளும் வெளியேற முடியாது, நாமும் உட்புக முடியாது. ஆகவே ஐபிடேபிள்ஸ்-அப்ளை என்னும் துணைக்கருவியை நாடினோம். புதிய விதிகளை ஏற்றியபின் அது நம் இசைவைக் கேட்டுச் சில விநாடி காத்திருக்கும். விடை வராவிடில் பழையனவற்றையே மீட்டுவிடும். அன்று இசைவு தந்தபோது நம் விரல் சற்று நடுங்கியதை மறைப்பானேன்?

ஐபிவி6 வழிக்கு வேறு விதித்தொகுதி வேண்டும். பலர் முன்வாயிலைப் பூட்டிப் பின்வாயிலை மறப்பது இங்கேதான். 2014 முதல் லினக்ஸில் உள்ள என்எப்டேபிள்ஸில் இரண்டினையும் ஒரே அட்டவணையில் எழுதலாம். அடுத்த முறை அதற்கு மாற்ற எண்ணியுள்ளோம். அதுவரை, ஒவ்வொரு விதியின் அருகிலும் காரணத்தைத் தமிழில் எழுதி, நிரலின் படியொன்றை அக்கணினியின் மேற்சுவரில் ஒட்டியிருக்கிறோம். அதனைப் பார்த்துக்கொள்ளும் மாணவி, நம்மைக் கேளாமலே இரு விதிகளைச் சேர்த்துவிட்டாளாம்.