பாறை விளிம்பில் ஒரு முட்டை

முட்டைக்காகக் கயிற்றில் இறங்கிய மனிதர்கள் போய்விட்டார்கள். யார்க்‌ஷயரின் கடற்பறவைகளுக்கு இப்போது வேறு கவலை.

பெம்ப்டன் கிராமத்து வயல்களைத் தாண்டி நடந்தால், கடல் கண்ணில் படும் முன்பே வாடை மூக்கைத் துளைக்கிறது. மீனும் எச்சமும் கலந்த வாடை. அடுத்து, பேசுவது கேட்காத அளவுக்கு இரைச்சல். பிறகு நிலம் சட்டென்று முடிந்து, சுமார் 100 மீட்டர் கீழே வட கடல். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள இந்தச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு மார்ச் முதல் அக்டோபர் வரை வரும் கடற்பறவைகள் சுமார் 5 லட்சம்.

ஒவ்வொன்றுக்கும் தனி இடம். பஃபின் பாறை இடுக்குகளில் ஒதுங்குகிறது. தன் பெயரையே சொல்லிக் கூவும் கிட்டிவேக், சேற்றாலும் புல்லாலும் கூடு ஒட்டுகிறது. கில்லிமாட் மட்டும் கூடே கட்டுவதில்லை. கருப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக, நெரிசல் நேர பஸ் பயணிகளைப் போல் வரிசையாக ஒட்டி நிற்கிறது. ஒரு சதுர மீட்டரில் 20 ஜோடிகள்கூட இருக்கும். வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை. அது ஒரு பக்கம் கூம்பியிருப்பதால் சரிவிலும் அசையாமல் நிற்கிறது. நீலம், பச்சை, வெள்ளை, சிவப்பு என்று நிறத்தில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஆனால் ஒரு பறவை ஆண்டுதோறும் இடுவது ஒரே மாதிரி முட்டை.

அந்த அழகே வினையானது. தொப்பிக்குள் வைக்கோல் திணித்துக்கொண்டு ஒருவர் சணல் கயிற்றில் இறங்க, மேலே மூவர் பிடித்துக்கொள்வார்கள். 'கிளிம்மர்கள்' என்று அழைக்கப்பட்ட இந்த உள்ளூர்க்காரர்களுக்கு அது பரம்பரைத் தொழில். முட்டையில் ஒரு பகுதி சாப்பாட்டுக்கு. அபூர்வ நிறமுள்ளவை பணக்காரச் சேகரிப்பாளர்களுக்கு. ஒரு பெண் கில்லிமாட் இட்ட செந்நிற முட்டை 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே இடத்திலிருந்து எடுக்கப்பட்டது. பறிபோனால் சுமார் 2 வாரத்தில் கில்லிமாட் இன்னொன்று இடும். அதுவும் போகும். அத்தனை ஆண்டுகளில் அந்தத் தாய் ஒரு குஞ்சைக்கூடப் பார்த்திருக்காது.

கயிற்றோடு துப்பாக்கியும் சேர்ந்துகொண்டது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்ததும், படகேறிப் பறவைகளைச் சுடுவது கோடைப் பொழுதுபோக்கானது. கிட்டிவேக்கின் சிறகுகள் சீமாட்டிகளின் தொப்பிக்குப் போயின. எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் இந்தப் பகுதிப் பாதிரியார்களும் உண்டு. பனிமூட்டத்தில் பாறை அருகே இருப்பதைப் பறவைகளின் சத்தம்தான் எச்சரிக்கிறது என்பது மாலுமிகளின் வாதம். கிறிஸ்டோபர் சைக்ஸ் எம்.பி. கொண்டுவந்த மசோதா 1869இல் சட்டமாகி, இனப்பெருக்க காலத்தில் கடற்பறவைகளைக் கொல்வதைத் தடுத்தது. முட்டைக்குப் பாதுகாப்பு கிடைக்க 1954 வரை ஆனது. அதோடு கிளிம்மர்களின் கயிறும் ஓய்ந்தது.

இன்று பாறை விளிம்பில் வேலியும் தொலைநோக்கியோடு பயணிகளும்தான். ஆபத்து இடம் மாறிவிட்டது. கடல் சூடேறுவதால், கிட்டிவேக்குகள் குஞ்சுகளுக்கு ஊட்டும் சின்னஞ்சிறு மணல் விலாங்குகள் குறைகின்றன. 2017இல் கிட்டிவேக், உலக அளவில் அழிவு அபாயத்தில் உள்ள பறவைகளின் பட்டியலில் சேர்ந்தது. 2022இலும் 2023இலும் பறவைக் காய்ச்சல் பிரிட்டனின் கடற்பறவைகளை வாரிக்கொண்டு போனது. 2024இல் பிரிட்டன், வட கடலில் தன் பகுதியில் மணல் விலாங்கு பிடிக்கத் தடை போட்டது. மீனைத் தடை காப்பாற்றலாம். கடலின் சூட்டைத் தணிக்க இந்தக் கரையின் சட்டம் மட்டும் போதாது.

ஜூலை மாதம், அந்தி மங்கும் நேரம். 3 வாரமே ஆன கில்லிமாட் குஞ்சு விளிம்புக்கு வருகிறது. இன்னும் பறக்கத் தெரியாது. கீழே அலையில் மிதந்தபடி தகப்பன் கூப்பிடுகிறது. குஞ்சு குட்டிச் சிறகுகளை அடித்துக்கொண்டு குதிக்கிறது. குரலை வைத்தே ஒன்றையொன்று கண்டுபிடித்து, இரண்டும் நடுக்கடலை நோக்கி நீந்திப் போகின்றன. அடுத்த பல வாரங்களுக்குக் குஞ்சுக்கு ஊட்டுவது தகப்பன்தான், கடலில் மீன் இருந்தால்.