பொறுமை என்னும் பெயரில்

பிறரை இழிவுபடுத்தும் செயல்களுக்கு அரபு மொழி தனித்தனிப் பெயர்கள் வைத்திருக்கிறது. கண்ணாலும் கையாலும் சாடை காட்டிப் பரிகசிப்பது ஒன்று. குறை சொல்லிக் குத்துவது மற்றொன்று. முன்னதை ஹம்ஸ் என்றும் பின்னதை லம்ஸ் என்றும் வழங்குவர். இவற்றுள் முகத்துக்கு நேரே நிகழ்வது எது, முதுகுக்குப் பின்னே நிகழ்வது எது என்பதில் விரிவுரையாளர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அந்த ஆராய்ச்சி இங்கு வேண்டா. விரும்பாத பட்டப்பெயரைச் சூட்டி அழைப்பது நப்ஸ். திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத், தன் 11ஆம் வசனத்தில் ஏளனம், குத்திக்காட்டல், பட்டப்பெயர் சூட்டல் ஆகிய மூன்றையும் ஒருசேரத் தடுத்திருக்கிறது.

நம் தொல்காப்பியரும் இதில் பின்தங்கியவர் அல்லர். நகை பிறக்கும் களன்கள் நான்கனுள் எள்ளலை முதலாவதாக வைத்தார். வெகுளி பிறக்கும் களன்களுள் அலைத்தலையும் ஒன்றாக எண்ணினார். ஓர் அறையில் பத்துப் பேருக்கு நகையாக இருக்கும் ஒரு சொல், பதினோராமவருக்கு வெகுளியாக மூளுவது அந்த அறையில் இருந்தவர்களுக்கே தெரியும். அதிலும் அந்த அறை பணியிடமாக இருந்துவிட்டால், பதினோராமவர் தம் வெகுளியை வெளியிடவும் இயலாது. மாதச் சம்பளம் அவர் வாயைக் கட்டியிருக்கும்.

1997ஆம் ஆண்டு நான் ஓர் உதவிபெறும் உயர்நிலைப்பள்ளியில் அரபு ஆசிரியனாகச் சேர்ந்தேன். மதரஸாவில் மௌலவி ஸனது பெற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா தேர்விலும் தேறியிருந்தேன். அங்கிருந்த தலைமையாசிரியர் நிர்வாகத்தில் வல்லவர், நம் சமுதாயத்தவரே. சேர்ந்த மூன்றாம் வாரத்தில், ஆசிரியர் அறையில் அனைவரும் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், "என்ன ஃபாத்திஹா வாத்தியார், இன்னைக்கு எந்த வீட்டுல விருந்து?" என்று கேட்டார். அறை சிரித்தது. அன்று முதல் அந்தப் பள்ளியில் எனக்குப் பெயர் இல்லாமற் போயிற்று. சில மாதங்களில் மாணவர்களும் அப்பெயரைச் சொல்லத் தொடங்கினர்.

பட்டப்பெயரோடு நின்றிருந்தால் அதைத் தாங்கிக்கொள்வது கடினமன்று. என் வகுப்புகள் எல்லாம் பகலுணவுக்குப் பிந்திய பாடவேளைகளுக்குத் தள்ளப்பட்டன. விடுப்பில் சென்ற ஆசிரியர் எவராயினும் அவருடைய வகுப்பு என்னிடம் வரும். இரண்டு நிமிடத் தாமதத்துக்கு என் பெயருக்கெதிரே மட்டும் சிவப்பு மை. ஊதிய உயர்வுக்கான பட்டியல் ஓர் ஆண்டு வெளியானபோது என் பெயர் அதில் விடுபட்டிருந்தது, கேட்டதற்கு, "ஓதிச் சம்பாதிக்கிறீரே, போதாதா?" என்று விடை வந்தது. தூக்கம் கெட்டது. ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும் வயிறு கலங்கத் தொடங்கும். மறுநாள் திங்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

கண்டிப்பையும் கொடுமையையும் ஒன்றாகக் கருதிவிடலாகாது. என் உஸ்தாதுமார்களில் ஒருவர் பிரம்பைவிடக் கூர்மையான நாவுடையவர். பாடத்தில் ஓர் எழுத்தின் ஒலி பிறழ்ந்தால் அன்று எங்களுக்கு இருள்தான். ஆயினும், பிழை திருந்திய மறுகணம் அந்தக் கோபமும் தீர்ந்துவிடும். அது பிழையின்மேல் எழுந்த கோபம். கொடுமை ஆளின்மேல் எழுவது; பிழை திருந்தினாலும் அது திருந்துவதில்லை, வேறொரு பிழையைத் தேடிக்கொள்ளும். ஸ்வீடன் நாட்டில் பணியாற்றிய ஹைன்ஸ் லேமன் என்னும் உளவியலறிஞர் 1980களில் இதனை முறையாக ஆராய்ந்தார். வாரம் ஒருமுறையேனும், ஆறு மாதங்களுக்குக் குறையாமல், ஒரே ஆளைக் குறிவைத்துத் தொடரும் இழிவையே அவர் இவ்வகையில் கணக்கிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சொல் பறவைகளின் உலகத்திலிருந்து வந்தது. சிறு பறவைகள் திரண்டு பெரும்பறவை ஒன்றைக் கொத்தி விரட்டுவதைக் குறிக்க வழங்கிய சொல் அது. பட்டப்பகலில் ஆந்தையைச் சூழும் காக்கைகளை நம் ஊர்ப் புளியமரத்தடியில் பார்த்தவர்களுக்கு அதன் பொருத்தம் விளங்கும். ஒரு காக்கை தொடங்கினால் போதும். மற்றவை ஏன் என்று கேட்பதில்லை.

அதே ஸ்வீடன்தான் 1993இல் இதனைத் தடுக்கும் பொறுப்பைப் பணி தருபவரின் தலையிலேயே சுமத்தி விதி வகுத்தது. நம் நாட்டில் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் தொல்லையைப் பற்றியது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடமெனில், உள்ளகக் குழு ஒன்று அமைக்கப்பட்டிருக்க வேண்டும். அதனினும் சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. நிகழ்ச்சி நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பெண்மக்களை வேலைக்கு அனுப்பும் பெற்றோர்கள் இந்த மூன்று மாதக் கணக்கை மனத்தில் கொள்வது நலம். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே அது கழிந்துவிடுகிறது.

என் கதைக்கு வருகிறேன். வீட்டில் சொன்னேன். உம்மா கண் கலங்கினார், ஆனால் சொன்னது இது: "பொறுத்துக்க வாப்பா. அவரைப் பத்தி வெளியே பேசாத, கீபத்தாப் போயிடும்." இந்தச் சொல்தான் என்னை மேலும் ஓராண்டு கட்டிப்போட்டது. தலைமையாசிரியரின் சிவப்பு மைக்குக்கூட அவ்வளவு வலிமை இருந்ததில்லை. நம் வீடுகளில் எத்தனையோ பிள்ளைகள், கடையிலும் கம்பெனியிலும் கடல் கடந்தும் பட்ட இழிவைச் சொல்லாமல் மென்று விழுங்குவது, பயத்தால் மட்டும் அன்று. பாவம் வந்து சேருமோ என்ற அச்சத்தாலும்தான்.

விடுமுறையில் என் உஸ்தாதைக் காணச் சென்றேன். முதுமையில் பார்வை மங்கியிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர், அலமாரியைக் காட்டி ரியாளுஸ் ஸாலிஹீனை எடுத்துவரச் சொன்னார். 1277இல் மறைந்த இமாம் நவவி அவர்கள் தொகுத்த அந்நூலை ஓதாத மதரஸா மாணவன் இல்லை, நானும் ஓதியதுதான். புறம்பேசுவதைத் தடுக்கும் பாடத்தை அடுத்து, எந்தெந்த இடங்களில் பிறர் குறையை எடுத்துரைப்பது ஆகும் என்று இமாம் ஆறு நிலைகளை வகுத்திருக்கிறார்கள். அவற்றுள் முதலாவது, அநீதிக்குள்ளானவன் அதை நீக்கும் அதிகாரமுடையவரிடம் முறையிடுவது. உஸ்தாத் என்னையே அதை வாசிக்கச் செய்துவிட்டு, "காஜியிடம் வழக்குச் சொல்ல வந்தவனை, கீபத் பேசுகிறாய் என்று விரட்டினால், காஜி எதற்கு இருக்கிறார்?" என்றார். பிறகு திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 148ஆம் வசனத்தை நினைவூட்டினார். தீயதை உரக்கப் பேசுவதை இறைவன் விரும்பாதிருக்கும் அவ்விடத்திலேயே, அநீதி இழைக்கப்பட்டவனுக்கு விலக்களித்திருக்கிறான்.

ஸப்ர் என்னும் சொல்லின் வேர்ப்பொருள் கட்டுப்படுத்தி நிறுத்துதல். நிறுத்த வேண்டியது எதை என்பதே கேள்வி. கை ஓங்குவதை நிறுத்தலாம். வசைக்கு வசை சொல்வதை நிறுத்தலாம். நடையைத் தவறவிடாமல் மனத்தை நிறுத்தலாம். உரிமை கேட்கும் வாயையும் சேர்த்து நிறுத்த வேண்டும் என்று எந்த அகராதியும் சொல்லவில்லை.

உஸ்தாத் விடைகொடுக்கும்போது ஓர் எல்லையும் போட்டார். தீர்க்கக்கூடியவரிடம் மட்டும் சொல், தேவையான அளவே சொல், தேநீர்க்கடையில் சொல்லாதே.

ஊர் திரும்பியதும் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று வாங்கினேன். ஹதீஸ் கலை பயின்றவனுக்கு அறிவிப்பாளர் வரிசையின் அருமை தெரியும்: சொன்னவர் யார், கேட்டவர் யார், எங்கே, எப்போது. அந்த முறையிலேயே எழுதினேன். தேதி, பாடவேளை, சொல்லப்பட்ட சொல் அப்படியே, உடனிருந்தவர் பெயர். "கொடியவர்", "இரக்கமற்றவர்" போன்ற அடைமொழிகளை அறவே விலக்கினேன். அடைமொழி வாதியின் கருத்து, தேதி சாட்சி. வாய்மொழியாக வந்த கட்டளைகளை, "தாங்கள் இன்று பணித்தவாறு" என்று தொடங்கி எழுத்தில் திருப்பி அனுப்பலானேன். இந்தச் சிறு காரியம் செய்த வேலை பெரிது. எழுத்தில் வாசித்துப் பார்த்தபோது, தலைமையாசிரியருக்கே தம் கட்டளைகள் சில கூச்சம் தந்திருக்க வேண்டும். அவற்றுள் பல தாமாகவே நின்றன.

ஆசிரியர் அறையில் சிரித்தவர்களை நான் வெறுக்கவில்லை. முதலில் அஞ்சிச் சிரித்தார்கள். பிறகு பழகிச் சிரித்தார்கள். அவர்களிடையே ஓர் அறிவியல் ஆசிரியர், வைணவக் குடும்பத்தவர், ஒருநாளும் சிரித்ததில்லை. ஒருநாள் வழக்கமான பரிகாசம் எழுந்தபோது, திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து தலை நிமிராமலே, "சார், மௌலவி சாருக்குப் பேர் இருக்கு" என்றார். அவ்வளவுதான். சண்டை இல்லை, சொற்பொழிவு இல்லை. அதன் பின் சிரிப்பு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன், பாதியாகக் குறைந்தது. கொடுமைக்கு ஆளானவனின் நூறு விளக்கங்களால் ஆகாதது, பார்த்திருந்த ஒருவரின் ஒரு வாக்கியத்தால் ஆயிற்று.

குறிப்பேட்டில் பதினேழு பதிவுகள் சேர்ந்தபின் தாளாளரிடம் விண்ணப்பம் கொடுத்தேன். அவர் இரண்டு மாதம் அசையவில்லை. மாவட்டக் கல்வி அலுவலருக்குப் படி அனுப்புவேன் என்று இரண்டாம் விண்ணப்பத்தில் எழுதினேன். விடுபட்ட ஊதிய உயர்வு நிலுவையோடு வந்தது. காலை வகுப்புகளும் இரண்டு வந்தன. மன்னிப்பு வரவில்லை; நானும் எதிர்பார்க்கவில்லை. பட்டப்பெயர் அந்தத் தலைமையாசிரியர் ஓய்வு பெறும்வரை அவருடைய நாவில் இருந்தது. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன.

சென்ற ஆண்டு, சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் என் தங்கை மகள் வந்திருந்தாள். அவளுடைய மேலாளர், அவள் தலைத்துணியையும் ஆங்கில உச்சரிப்பையும் கூட்டந்தோறும் கேலிப் பொருளாக்குகிறாராம். தங்கை குறுக்கிட்டு, "பொறுத்துப் போகச் சொல்லுங்க காக்கா, பொம்பளப் புள்ள" என்றாள். நான் ரியாளுஸ் ஸாலிஹீனை எடுத்துவந்து, உஸ்தாத் எனக்குக் காட்டிய பக்கத்தைத் தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். மகள் என் பழைய குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினாள். "மாமா, கோபமே இல்லாம எழுதியிருக்கீங்களே" என்றாள். கோபம் இருந்தது என்றேன். அது தாளில் இறங்காமல் பார்த்துக்கொண்டேன் என்றேன்.

அவள் எழுதிக் கொடுத்தாள். விசாரித்தார்கள். பதினோரு வாரம் கழித்து வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். மேலாளர் அதே இருக்கையில்தான் இருக்கிறார். அவருக்குக் கீழே புதிதாகச் சேர்ந்திருக்கும் இருவருக்கு, தேதியும் இடமும் உடனிருந்தவர் பெயரும் குறித்து வைக்கும் முறையை அவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.