எட்டு மணிக்கு முந்தல்

செப்டம்பர் 3

சார் சென்னைக்குப் போய்விட்டார். பேரனைப் பார்த்துக்கொள்ள மகன் வீட்டில் ஆள் வேண்டுமாம். வருஷா வருஷம் போடியிலிருந்து போடிமெட்டுக்கு எங்களைச் சைக்கிளில் கூட்டிப்போனவர் அவர்தான். ரயில் ஏறும்முன் ஓர் அழுக்கு நோட்டை என் கையில் திணித்து, "இனிமே நீங்க பாத்துக்கங்க மேடம்" என்றார். ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் என்னைப் பிடித்தாரோ என்னவோ. அக்டோபர் 5, ஞாயிறு என்று எல்லோருக்கும் ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 4

நோட்டைப் படித்தேன். 14 பேர். பேர், ரத்தப் பிரிவு, வீட்டு போன் நம்பர். வாழைப்பழம், கடலைமிட்டாய், தண்ணீர் கேன், பஞ்சர் ஒட்டும் சாமான், எல்லாவற்றுக்கும் விலை. ஏற்றத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறார். இறக்கத்துக்கு ஒரே வரி: "கவனம்".

செப்டம்பர் 9

"குரங்கணி ஞாபகம் இருக்கா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். போடிக்காரர்கள் யாரும் அதை மறக்க முடியாது. 2018 மார்ச் 11. மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் எங்கள் தெரு வரைக்கும் கேட்டது. "அது காட்டுப் பாதை, இது தேசிய நெடுஞ்சாலை" என்றேன். "கூட்டிட்டுப் போறது ஒண்ணுதானே" என்றார். என்னிடம் பதில் இல்லை. சாப்பிடாமல் படுத்தேன்.

செப்டம்பர் 14

விடிகாலையில் இவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து சாலையைப் பார்த்துவரப் போனேன். மெட்டு வரை சுமார் 26 கி.மீ. முந்தல் செக்போஸ்ட் தாண்டியதும் மலை தொடங்கிவிடுகிறது. கொண்டை ஊசி வளைவு 17. மேலே போய்ச் சேரும்போது ஊரைவிட ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்போம்.

இதெல்லாம் தெரிந்ததுதான். ஜீப்களைத்தான் இதுவரை இப்படி நின்று பார்த்ததில்லை. ஆறு மணியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன. பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிறவை. காய் பறிப்புக் காலம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டம். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் ஹாரன்; வேகம் குறைவதில்லை. பின்பக்கம் உள்ளே எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை. முழங்கால்களும் தூக்குவாளிகளும்தான் தெரிந்தன. நாங்கள் பைக்கை ஓரங்கட்டி, மண்ணில் இறங்கி நின்றுகொண்டோம்.

சார் காலத்தில் போடியிலிருந்து ஐந்தரைக்குக் கிளம்புவோம், "வெயிலுக்கு முன்னாடி ஏறிடணும்" என்பார். அதாவது, சரியாக இந்த ஜீப்களுக்கு நடுவில் ஏறியிருக்கிறோம். எட்டரை மணிக்குச் சாலை காலியாகிவிட்டது. குரங்குகள் மட்டும்.

செப்டம்பர் 15

முந்தலில் எட்டு மணிக்குக் கூடுவோம் என்று எல்லோருக்கும் போன் செய்தேன். ஒரே புலம்பல். வெயில் என்றார் பேங்க்காரர். கல்லூரிப் பையன்கள் இருவர், லட்ச ரூபாய் சைக்கிள் வைத்திருப்பவர்கள், "எட்டு மணிக்குள்ள நாங்க மேல போயிருப்போம் ஆன்ட்டி" என்றார்கள். ரிட்டயர்டு போஸ்ட்மேன் ஐயாதான் ஒன்றும் சொல்லவில்லை. "சரிம்மா, எட்டு" என்று வைத்துவிட்டார். அவருக்கு ஒரு கும்பிடு.

செப்டம்பர் 20

எதிர்வீட்டு அக்காவின் மகள் வந்து நின்றாள். பிளஸ் டூ படிக்கிறாள். "நானும் வரட்டா அத்தை?" என்றாள். அவளிடம் இருப்பது பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள். கியர் கிடையாது. எடை அதிகம். முடியாது என்று சொல்ல வாயெடுத்தவள், சைக்கிள் கடைக்குக் கூட்டிப்போனேன்.

கடைக்காரர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். முன்னால் 44 பல், பின்னால் 18. "முன்னாடி ஒரு சுத்து சுத்துனா பின் வீலு ரெண்டரைச் சுத்து கிட்ட ஓடுது. சமதளத்துக்குச் சரி, மலைக்குக் காலு வெந்துபோகும்" என்றார். பின்பக்க ஃப்ரீவீலைக் கழற்றி 22 பல் உள்ளதை மாட்டினார். செயின் எட்டவில்லை. பழைய செயின் துண்டிலிருந்து இரண்டு கண்ணியை வெட்டி எடுத்துக் கோத்தார். இப்போது ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றுத்தான். வேகம் குறையும், ஆனால் மிதிக்க முடியும். பிரேக் கட்டைகள் நான்கும் புதிது. பிறகு என்னைப் பார்த்து, "ஏறும்போது விழுந்தா சிராய்ப்புதான். எறங்கும்போதுதான் பாத்துக்கணும்" என்றார். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கும். பிடித்துப் பிடித்து விட வேண்டும். முன் பிரேக்கை மட்டும் அமுக்கினால் ஆள் முன்னால் போய் விழுவார். நோட்டில் "கவனம்" என்ற ஒரு வரிக்குக் கீழே இதையெல்லாம் எழுதினேன். மூன்று வளைவுக்கு ஒருமுறை எல்லோரும் நின்று ரிம்மைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்தேன்.

செப்டம்பர் 23

பேங்க்காரர் வரவில்லையாம். வெயில்.

செப்டம்பர் 28

அக்காவிடம் இன்றுதான் பேச முடிந்தது. அவர் நாலு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு ஜீப் ஏறினால் இருட்டித்தான் திரும்புவார். வாசற்படியில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார். மகளைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டேன். எந்த ரோட்டில் என்றார். சொன்னேன். சிரித்தார்.

"தெனம் போற ரோடுதானே. அதுல சைக்கிள்ல எதுக்கு?"

"அழகா இருக்கும்க்கா. புலியூத்து அருவி, மேல இருந்து பாத்தா ஊரு..."

"புலியூத்தா? சத்தம் கேட்டிருக்கேன். ஜீப்பு அங்க நிக்காது."

அந்தச் சாலையில் அவர் போய்வருவது கல்யாணத்துக்கு முன்பிருந்து. நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு அவரே, "அவ போகட்டும். ஆனா அவளுக்கு முன்னாடி நீ எறங்கக் கூடாது. பின்னாடியே வரணும்" என்றார். நீங்களும் அன்றைக்கு லீவு போட்டு வாருங்களேன் என்றேன். "காய் முத்திட்டா ஞாயித்துக்கிழமைன்னு பாக்குமா?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 2

மழை.

அக்டோபர் 4

ராத்திரி முழுக்கப் பெய்து விடியும்போது விட்டது. மலைச்சாலையில் மண் சரிந்திருக்கிறதா என்று முந்தலில் தெரிந்த டீக்கடைக்குப் போன் செய்தேன். ரோடு நன்றாக இருக்கிறது என்றார்கள். தள்ளிவைக்கலாமா என்று பத்துத் தடவை யோசித்தேன். வாழைத்தார் வேறு வாங்கியாகிவிட்டது. வருகிறது வரட்டும்.

அக்டோபர் 5, இரவு

உடம்பெல்லாம் வலிக்கிறது. ஆனால் இன்றே எழுதிவிட வேண்டும்.

எட்டு மணிக்கு முந்தலில் கூடினோம். பையன்கள் இருவரும் சொன்னபடி முன்னாலேயே போகவில்லை, நின்றிருந்தார்கள். போஸ்ட்மேன் ஐயா பழைய ஹெர்குலஸோடு வந்திருந்தார். முதல் வளைவிலேயே இறங்கித் தள்ள ஆரம்பித்தார். அவர் வேகத்துக்கு நான் கடைசியாக வந்தேன். அக்கா மகள் எங்களுக்கு முன்னால். உட்கார்ந்து மிதிக்க முடியாத இடத்தில் எழுந்து நின்று மிதித்தாள், அதுவும் முடியாதபோது இறங்கி நடந்தாள், மறுபடி ஏறினாள். வெயிலே இல்லை. பேங்க்காரரிடம் சொல்ல வேண்டும்.

புலியூத்துக்குச் சற்று மேலே போனால் ஜீப் வரிசை. இந்நேரம் தோட்டத்துக்குப் போயிருக்க வேண்டியவை, அசையாமல் நின்றன. மழையில் ஒரு பாறை உருண்டு நடுரோட்டில் கிடந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை, நல்லவேளை. ஜேசிபி வர வேண்டும், பதினொன்று ஆகும் என்றார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரே குஷி. அருவிக்கு இறங்கினார்கள், போட்டோ எடுத்தார்கள், பழத்தாரைப் பிரித்தார்கள்.

அக்கா நாலாவது ஜீப்பில் இருந்தார். கீழே இறங்கி, தடுப்புச்சுவரில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார். மகள் ஓடிப்போய், "அம்மா, இங்க வரைக்கும் மிதிச்சே வந்துட்டேன்" என்றாள். அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, தூக்குவாளியைத் திறந்து சோற்றைப் பிசைந்து கொடுத்தார். "வாங்கக்கா, அருவியைப் பாத்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டேன். "பத்து மணிக்கு மேல போனா வேலைக்குச் சேக்க மாட்டாங்க. இன்னைக்குக் கூலி போச்சு" என்றார். அருவி சற்றுக் கீழேதான் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெட்டுக்குப் போகாமலே திரும்பினோம். இறக்கத்தில் மூன்று வளைவுக்கு ஒருமுறை நின்றோம். ஒரு ரிம் மட்டும் கை வைக்க முடியாத சூடு, லட்ச ரூபாய்ச் சைக்கிளில். ஆறிய பிறகு கிளம்பினோம். யாரும் விழவில்லை.

அக்டோபர் 6

போன் மேல் போன். மெட்டு வரை போகாதது பயணமே இல்லை, அடுத்த தேதி எப்போது என்கிறார்கள். ஜனவரியில் என்றேன். பாதிப் பேருக்குச் சரி. சாருக்கும் போன் செய்து சொன்னேன். "ஐந்தரைக்கே கிளம்பியிருந்தா பாறைக்கு முன்னாடி தாண்டியிருக்கலாமே" என்றார். தாண்டியிருக்கலாம், பாறை விழும்போது அடியிலும் இருந்திருக்கலாம். சொல்லவில்லை, பெரியவர்.

செலவு போக மிச்சம் 640 ரூபாய். அதை அக்காவிடம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கொடுத்தால் வாங்க மாட்டார், கோபித்துக்கொள்வார். இன்னும் முடிவு செய்யவில்லை.

நோட்டின் முதல் பக்கத்தில், பெயர்ப் பட்டியலுக்கு மேலே, சிவப்பு மையில் எழுதிவைத்தேன். எனக்குப் பிறகு இந்த நோட்டு யார் கைக்குப் போனாலும் முதலில் இதைப் படிக்கட்டும்: காலை ஆறிலிருந்து எட்டு வரை மலைச்சாலையில் சைக்கிள் வேண்டாம். அந்த இரண்டு மணி நேரம் வேலைக்குப் போகிறவர்களுடையது.