கட்டைவிரலும் உதரவிதானமும்

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வட்டாரங்களில் ‘வேலூர் ஆஸ்பத்திரி’ என்றால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைதான் அது. அங்கே அறுவைக்குப் போய் வந்தவர் இல்லாத வீடு நம் தெருக்களில் அரிது. மயக்க ஊசியைப் பற்றி அவ்வீடுகளில் பேசாதவர் இல்லை. அதனோடு பல வேளைகளில் தசைகளைத் தளர்த்தும் மருந்து ஒன்றும் செலுத்தப்படுவதை அறிந்தவர் சிலரே.

வயிற்றுச் சுவர் விறைத்து நின்றால் கத்தி வேலை செய்யாது. குரல்வளை இறுகினால் மூச்சுக்குழாய் இறங்காது. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவிய க்யூராரே என்னும் நஞ்சே இம்மருந்துகளின் மூதாதை. 1942 ஜனவரி 23இல் மாண்ட்ரீல் நகரில் ஹெரால்டு கிரிஃபித், எனிட் ஜான்சன் என்னும் மருத்துவர்கள் அதனை அறுவைக் கூடத்தில் துணிந்து பயன்படுத்தினர். நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் தூதன் வந்து தசையின் கதவைத் தட்டுகிறான். அவன் வருமுன் கதவுகளை அடைத்து நிற்பதே இம்மருந்தின் வேலை.

ஆனால் எல்லாத் தசைகளும் ஒருசேரப் பணிவதில்லை. தோல் தொழிலில் ஊறிய நம்மவர்க்கு இது வியப்பாகாது. ஒரே ஆட்டுத் தோலை ஒரே தொட்டியில் ஊறப் போட்டாலும் முதுகுப் பகுதி ஒரு விதமாகவும், நெகிழ்ந்த வயிற்றுப் பகுதி வேறு விதமாகவும் பதமாவதை நாம் கண்டிருக்கிறோம். உடலுக்குள்ளும் அப்படியே. மூச்சை இயக்கும் உதரவிதானம் மிகப் பிடிவாதமானது. கட்டைவிரலை உள்ளே இழுக்கும் சிறு தசையை முடக்கும் அளவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு மருந்து அதற்கு வேண்டும். அதன் கதவுகளில் மிகப் பெரும்பாலானவை அடைபட்ட பின்னும் எஞ்சிய சிலவற்றைக் கொண்டே அது இயங்கும். வேடிக்கை என்னவெனில், இரத்த ஓட்டம் மிகுதியாகையால் மருந்து அங்கே விரைந்து சேர்கிறது. விரைந்தே நீங்கவும் செய்கிறது. புருவத்தைச் சுளிக்கும் தசையும் ஏறக்குறைய அதன் வழியே நடக்கிறது.

இதனால்தான் மருத்துவர் மணிக்கட்டு நரம்பில் சிறு மின்துடிப்புகளைச் செலுத்திக் கட்டைவிரலைக் கவனிக்கிறார். அரை நொடிக்கு ஒன்றாக நான்கு துடிப்பு கொடுத்து, நான்காவது அசைவை முதலாவதோடு ஒப்பிடும் முறையை 1970ஐ ஒட்டி லிவர்பூலில் வகுத்தவர்களுள் ஹஸன் அலி ஒருவர். நான்காவது அசைவு முதலாவதில் பத்தில் ஏழு பங்கு இருந்தால் போதுமென்று முன்னர் எண்ணினர்; இன்று பத்தில் ஒன்பது கேட்கின்றனர். காரணம் தொண்டை. மூச்சு சீராகி, தலையைத் தூக்கிக் காட்டிய நோயாளிக்கும் விழுங்கும் தசைகள் முழுவலிமை பெறாமல் இருக்கலாம். நம் பெரியத்தா குடலிறக்க அறுவை முடிந்து கண் விழித்ததும் தண்ணீர் கேட்டார். “கொஞ்சம் பொறுங்க பெரியவரே” என்று செவிலியர் மறுத்தபோது நமக்குக் கோபமே வந்தது. வறண்ட நாவுக்கு ஒரு மிடறு தரக் கூடாதா? அந்த மிடறு மூச்சுக்குழலில் இறங்கிவிடக் கூடுமென்பது பின்னரே விளங்கியது.

இம்மருந்து அறிவைத் தொடுவதில்லை என்பதைத் தம் உடலிலேயே சோதித்தவர் அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஸ்மித். மயக்க மருந்தின்றி க்யூராரேயை மட்டும் ஏற்று, விரலும் அசைக்க இயலாமல், பிறர் தந்த மூச்சில் கிடந்தார். நினைவு ஒரு கணமும் தவறவில்லை. 1947இல் அச்செய்தி வெளியாயிற்று.

அறுவைக் கூடத்துக்கு வெளியிலும் இந்தப் படிவரிசை உண்டு. தரையில் படுத்துறங்குவோரைக் கட்டுவிரியன் இரவில் தீண்டுகிறது. வலியே தெரியாமலும் போகலாம். நல்லபாம்பின் நஞ்சு க்யூராரேயைப் போலத் தசையின் கதவை அடைக்கும். கட்டுவிரியனின் நஞ்சு பெரும்பாலும் நரம்பு முனையையே கெடுக்கும். இரண்டிலும் முதலில் சரிவது கண்ணிமை. பிறகு பேச்சு குழறும், எச்சில் விழுங்க இயலாது, கடைசியாக மூச்சு ஒடுங்கும். இமை சரிந்தவரைப் பார்த்து, “அசதி, தூங்கட்டும்” என்று விட்டுவிடும் வீடுகள் உண்டு. அவர் தூங்கவில்லை. மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து கொடுத்து, இயந்திரம் நாட்கணக்கில் மூச்சை ஏற்றி இறக்கினால் எழுந்து நடக்கக் கூடியவர். அதுவரை கட்டிலைச் சுற்றி உறவினர் கஃபன் துணி பற்றிப் பேசுவதெல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டிருக்கக் கூடும்.