கண்ணீரும் கண்ணீரையும்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, ரிவர்ஸ்டன் வழியாக மலையைக் கடந்து இறங்கினால் பல்லேகம. அங்கே நண்பர் ஒருவரின் வீட்டில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. மறுநாள் அவருடைய தந்தையாரின் முதலாண்டு நினைவு ஜெபம்.

"அடக்கத்தன்று போதகர் வாசித்த வசனத்தையே நாளைக்கும் வாசிக்க வேண்டும், தம்பி" என்றார் நண்பரின் தாயார். எந்தப் புத்தகம், எத்தனையாவது அதிகாரம் என்பது அவருக்கு நினைவில்லை. ஆண்டவர் நமது கண்ணீரைச் சேர்த்து வைக்கிறார் என்ற பொருள் மட்டும் மனத்தில் தங்கியிருந்தது.

நண்பரின் மடிக்கணினியில் வேதாகம மென்பொருள் ஒன்று இருந்தது. திறந்ததும் விளக்கவுரை, எபிரேய அகராதி, வரைபடம் என்று சன்னல்கள் விரிந்தன. அதிகாரமும் வசன எண்ணும் அறிந்தவருக்கு அது கற்பக விருட்சம். அறியாதவருக்குத் தேடல் பெட்டியே கதி. 'கண்ணீர்' என்று தட்டினேன். பல வசனங்கள் வந்தன. அவர் கேட்டது வரவில்லை.

சற்று யோசித்த பிறகே காரணம் விளங்கியது. வசனத்தில் இருப்பது 'கண்ணீரை' என்ற சொல்லாயிருக்கும். நமக்கு அது வேற்றுமை உருபு ஏற்ற அதே சொல். யூனிகோடு முறையிலோ ரகரத்தின் புள்ளி ஒரு குறி, ஐகாரம் வேறொரு குறி. ஆகவே கணினிக்கு இரண்டும் வெவ்வேறு. புள்ளியை நீக்கிக் 'கண்ணீர' என்று தேடினேன். சங்கீதம் 56, எட்டாம் வசனம் வந்து நின்றது.

அதில் 'துருத்தி' என்றொரு சொல். இன்றைய பிள்ளைகளுக்கு அது கொல்லனின் உலைக்கருவி. வசனத்திலோ நீர் சேமிக்கும் தோற்பை. அந்த வீட்டுக்கு எபிரேய அகராதியைவிட இந்த ஒற்றை வரிக் குறிப்பே தேவைப்பட்டது. அதேபோல், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் பழகியவர் சங்கீதத்தைத் 'திருப்பாடல்கள்' என்றே தேடுவார். இரு பெயர்களையும் ஏற்பது மென்பொருளுக்குப் பெரிய காரியமல்ல.

1715இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது, சாமானியரும் தம் மொழியில் வாசிப்பதற்காகவே. அதைத் திரும்பவும் பண்டிதர் மேசைக்கு ஏற்றிவிடலாகாது. இலக்கணத்தை மென்பொருள் கற்றுக்கொள்ளட்டும். துக்கத்தில் இருப்பவரிடம் அதைக் கேட்கக் கூடாது.

தாயார் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு திரையருகே குனிந்தார். எழுத்து மிகச் சிறியது. பெரிதாக்கும் பொத்தானைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் சிறிது நேரம் பிடித்தது.